அளவெடுத்துத் துளையிட்ட பவுலிங் பந்து: காசு போகவேண்டிய இடம் துளைதான்

டென்பின் பவுலிங்கில் சொந்தப் பந்து வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்வி. எந்தப் பந்து ஓடும்போது அதிகம் வளைந்து போகும்? எந்த எடை எடுக்கலாம்? துளை எப்படிப் போடப்படும் என்று கேட்பவர்கள் குறைவு. கட்டைவிரல் மரத்துப்போன பிறகுதான் பலருக்கு அந்தக் கேள்வியே வருகிறது.

ஆகவே இங்கே பந்தைப் பற்றிப் பேச்சு குறைவு. ஹவுஸ் பால் (பவுலிங் கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பந்து), அளவெடுத்துத் துளையிடும் சேவை, ஃபிங்கர் இன்சர்ட் (விரல் துளைக்கான உறை), தம்ப் ஸ்லக் (கட்டைவிரல் துளைக்குள் ஒட்டும் உருளை), துளைக்குள் ஒட்டும் டேப் ஆகிய ஐந்தும் கைக்கு என்ன செய்கின்றன என்பதுதான் விஷயம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாதாரண பிளாஸ்டிக் பந்தில் பொறுமையாகப் போட்ட துளை, அதிகம் வளைந்து போகும் உயர்ரக ரியாக்டிவ் பந்தில் அவசரமாகப் போட்ட துளையைவிடக் கைக்கும் நல்லது, ஸ்கோருக்கும் நல்லது.

ஹவுஸ் பால்: எடையும் துளையும் ஒட்டாத இடம்

பவுலிங் பந்தின் விட்டம் ஏறக்குறைய 8.5 அங்குலம். 8 பவுண்டானாலும் உச்சவரம்பான 16 பவுண்டானாலும் வெளி அளவு பெரிதாக மாறாது, உள்ளிருக்கும் பொருள்தான் மாறும். ஹவுஸ் பாலில் மாறுவது துளை. எடை கூடக்கூடத் துளை அகலமாகும், துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் நீளும். கனமான பந்தை எடுப்பவருக்குக் கை பெரிதாக இருக்கும் என்ற ஊகம் இதன் பின்னால் இருக்கிறது.

அந்த ஊகம் பலருக்குப் பொருந்துவதில்லை. மெல்லிய விரலும் நல்ல தோள் பலமும் உள்ளவர் 14 பவுண்டு எடுத்தால் கட்டைவிரல் துளைக்குள் லொடலொடவென்று ஆடும். பந்து நழுவாமல் இருக்க அவர் விரலை மடக்கி இறுக்குவார். 14 பவுண்டு என்பது 6 கிலோவுக்கும் மேல். அதை மடங்கிய ஒரு மூட்டில் தொங்கவிட்டு வீசினால் மூட்டின் மேல்பக்கத் தோல் உரியும், முன்கை இறுகும், பந்து விடுபடும் நேரம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். தடித்த விரல் உள்ளவர் 9 பவுண்டு எடுத்தால் நேர்மாறான சங்கடம். விரல் உள்ளே போகும், வெளியே வராது.

ஹவுஸ் பாலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் எடையைப் பார்க்கும் முன் கட்டைவிரல் துளையைப் பாருங்கள். விரல் அடிவரை போக வேண்டும். உள்ளே சுற்றிப் பார்த்தால் தோல் எல்லாப் பக்கமும் லேசாக உரச வேண்டும். பிறகு நடுவிரலையும் மோதிரவிரலையும் (நுனியிலிருந்து எண்ணினால்) இரண்டாம் மூட்டுவரை நுழையுங்கள். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் சரி. பந்து உள்ளங்கையில் அப்பிக்கொண்டு கட்டைவிரலின் அடி இழுபட்டால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எடை ஒரு பவுண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

எப்போதாவது விளையாடுபவருக்கு இது போதும். வாரம் தவறாமல் மூன்று நான்கு கேம் போடுபவர் ஹவுஸ் பாலிலேயே தொடர்ந்தால் கைதான் விலை கொடுக்கும்.

அளவெடுக்கும் மேசையில் பார்க்கவேண்டியவை

நல்ல புரோ ஷாப்பை, அதாவது பந்துக்குத் துளையிட்டுத் தரும் கடையை, அடையாளம் காண ஒரு சுலபமான வழி உண்டு. துளையிடுபவர் முதலில் உங்கள் கையைத் திருப்பிப் பார்க்கிறாரா, கேட்டலாகை எடுக்கிறாரா என்று கவனியுங்கள். ஏற்கெனவே பவுலிங் ஆடுகிற கையில் காய்ப்பு எங்கே, சிவப்பு எங்கே என்பது எந்த அளவுகோலைவிடவும் அதிகம் சொல்லும். பழைய காயம், மூட்டுவலி, விரல் சொடுக்கிக்கொள்ளும் தொல்லை உண்டா என்று அவர் கேட்கவும் வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது விரல்களின் வளைவு. கட்டைவிரல் பின்பக்கம் எவ்வளவு சாய்கிறது, நடுவிரலும் மோதிரவிரலும் எவ்வளவு நீள்கின்றன என்று பார்ப்பார்கள். பிறகு அளவுத் துளைகள் வரிசையாக உள்ள கட்டையில் ஒவ்வொரு விரலாக நுழைத்துப் பார்ப்பார்கள். இந்த அளவுகள் 1/64 அங்குலப் படிகளில் போகும். அந்தச் சின்ன வித்தியாசத்தைக்கூடக் கட்டைவிரல் உடனே உணரும். குளிர்ந்த கையோடு போய் அளவு கொடுக்காதீர்கள். ஒன்றிரண்டு கேம் ஆடிக் கை சூடான பிறகு எடுத்த அளவுதான் ஆட்டத்தில் நிற்கும்.

ஸ்பான் என்பது கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து விரல் துளையின் விளிம்புவரை உள்ள தூரம். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அதைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரே அளவை இரண்டுக்கும் எழுதிக்கொள்பவரிடம் பந்தைக் கொடுக்காதீர்கள். விரல்கள் இரண்டாம் மூட்டுவரை நுழையும் கன்வென்ஷனல் பிடிக்கு, கட்டைவிரலை முழுதாக நுழைத்து மற்ற இரு விரல்களையும் துளைகளின் மேல் தளர்வாகப் படுக்கவைத்தால் இரண்டாம் மூட்டின் மடிப்பு துளையின் உள்விளிம்பைக் கால் அங்குலம் அளவுக்குத் தாண்டி விழ வேண்டும். விரல்கள் முதல் மூட்டுவரை மட்டும் நுழையும் ஃபிங்கர்டிப் பிடிக்கு முதல் மூட்டின் மடிப்பு இன்சர்ட்டின் உள்விளிம்பைச் சற்றே தாண்டினால் போதும். 'தளர்வாக' என்பதுதான் இதில் முக்கியம். கையை இழுத்துப் பிடித்து அளந்தால் எல்லோருக்கும் நீளமான ஸ்பான்தான் வரும். கடைகளில் மிக அதிகமாக நடக்கும் பிழையும் இதுவே.

ஸ்பான் நீண்டுவிட்டால் கட்டைவிரலின் அடி துளை விளிம்பில் தேயும், உள்ளங்கை விரிந்தே இருக்கும், மோதிரவிரலின் தசைநாண் முன்கைவரை இழுக்கும். குறைந்துவிட்டால் கட்டைவிரல் நேராக இருக்க இடமில்லாமல் மடங்கும், மடங்கிய விரல் இறுக்கும், இறுக்கிய விரல் சிக்கும். 1/8 அங்குலம் தப்பினாலே இதெல்லாம் தொடங்கிவிடும்.

அடுத்தது பிட்ச். துளை பந்தின் மையத்தை நோக்கி நேராகப் போனால் அது பூஜ்ய பிட்ச். உள்ளங்கைப் பக்கம் சாய்ந்தால் ஃபார்வர்ட், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ். இடமோ வலமோ சாய்ந்தால் லேட்டரல். ஃபார்வர்ட் பந்தைக் கையில் நிறுத்தும், ரிவர்ஸ் சீக்கிரம் விடுவிக்கும். ஸ்பான் நீளமாக இருப்பவருக்குக் கட்டைவிரல் இயல்பாகவே வெளிப்பக்கம் சாய்ந்து நுழைவதால் ரிவர்ஸ் கூடுதலாகத் தேவைப்படும். பிட்ச் மாற்றத்தைப் பொதுவாக 1/16 அல்லது 1/8 அங்குலமாகத்தான் செய்வார்கள். ஒரே தடவையில் அரை அங்குலம் மாற்றலாம் என்று ஒருவர் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள்.

விரல் சிக்குகிறது என்றதும் ரிவர்ஸைக் கூட்டுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பல நேரம் சிக்குவதற்குக் காரணம் இறுக்கிப் பிடிப்பது, இறுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் துளையின் தளர்வு அல்லது குறைந்த ஸ்பான். அந்த நிலையில் ரிவர்ஸைக் கூட்டினால் பந்து இன்னும் வேகமாக நழுவப் பார்க்கும், ஆடுபவர் இன்னும் இறுக்குவார். இந்தச் சுழலில் மாட்டியவர்களின் கட்டைவிரல் நுனியில் ஒரு கெட்டியான காய்ப்பு இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் அளவுத்தாளின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். 'நடுவிரல் 4 3/8, மோதிரவிரல் 4 1/2, கட்டைவிரல் ரிவர்ஸ் 1/4, இடம் 1/8' என்ற மாதிரி எழுதியிருக்கும். துளை அளவு, இன்சர்ட் வகை, விளிம்பை எங்கே எவ்வளவு மழுக்கினார்கள் என்பதும் அதில் இருந்தால் அந்தக் கடை தாராளமாக நம்பக்கூடியது. வேறு இடத்தில் அடுத்த பந்தைத் துளையிடும்போதும், வலி வந்து எதை மாற்றலாம் என்று யோசிக்கும்போதும் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

கட்டைவிரல் துளை

விரல் துளைகளில் சிறு தப்பு இருந்தால் சமாளிக்கலாம். கட்டைவிரல் துளையில் முடியாது.

கட்டைவிரல் வட்டமானது அல்ல. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும், மூட்டு துருத்தியிருக்கும். வட்டத் துளையில் மூட்டு நுழைய இடம் விட்டால் அதற்குக் கீழே விரல் ஆடும். கீழே பிடிமானம் வைத்தால் மூட்டு சிக்கும். அதனால்தான் நல்ல கடைகள் துளையை நீள்வட்டமாக வெட்டித் தருகின்றன. உங்கள் விரல் தட்டையாக இருந்தும் வட்டத் துளையோடு பந்தை நீட்டினால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

துளை முடிந்ததும் அங்கேயே சோதித்துப் பாருங்கள். விரலை நுழைத்தால் சதைப்பக்கமும் நகப்பக்கமும் ஒரே நேரத்தில் லேசாகத் தொட வேண்டும். கையைத் தொங்கவிட்டு, இறுக்காமல், பந்தை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நழுவும் பயம் வந்தால் துளை பெரிது. விரலை வெளியே எடுக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தால் துளை இறுக்கம். பலர் அந்தச் சத்தத்தைக் கச்சிதத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள், அது தவறு. விரல் சத்தமில்லாமல் வழுக்கி வர வேண்டும்.

விளிம்பை மழுக்கும் வேலைக்கு பெவல் என்று பெயர். கத்தியும் மணல்தாளும் வைத்துச் சில நிமிடத்தில் முடிகிற இந்தச் சின்ன வேலைதான் கையைக் காப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆட்காட்டிவிரல் பக்கமாகக் கட்டைவிரலின் ஓரத்தில் ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. துளையின் விளிம்பு சரியாக அதன்மேல் அழுத்தும். கூர்மையான விளிம்பு மாதக்கணக்கில் அதே இடத்தில் அழுத்தினால் நரம்பைச் சுற்றி நார்த்திசு தடிக்கும். மருத்துவர்கள் இதை 'பவுலர்ஸ் தம்ப்' என்கிறார்கள். முதலில் ஊசி குத்துவது போன்ற கூச்சம், பிறகு மரத்துப்போதல், பிறகு தொட்டால் சுரீர் என்று வலிக்கும் சின்னக் கட்டி. வெறும் காய்ப்புக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தச் சுரீர்தான். காய்ப்பைத் தட்டினால் மின்சாரம் பாய்ந்த மாதிரி விரல் நுனிக்கு ஓடாது.

அந்தக் கூச்சம் ஆடி முடித்த பிறகும் தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்க விளிம்பை நன்றாக மழுக்கச் சொல்லுங்கள், துளையின் அளவையும் பிட்சையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கவனித்தால் ஓய்வும் துளை மாற்றமும் பெரும்பாலும் போதும். மரப்பு நீங்காவிட்டாலோ கட்டி தட்டுப்பட்டாலோ போகவேண்டிய இடம் மருத்துவரிடம். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வலித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைச் சாய்த்தால் வலி கூடினால் அது வேறு பிரச்சினை, தசைநாண் உறையின் அழற்சி. இறுக்கிப் பிடித்து முறுக்கி விடுபவர்களுக்கு வரும். துளையைச் சரிசெய்வது உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

தோலில் தெரியும் தடயம்

கட்டைவிரல் அடியில், உள்ளங்கை மடிப்பருகே சிவந்தால் ஸ்பான் நீளம் அல்லது விளிம்பு கூர்மை. மூட்டின் மேல், நகப்பக்கம் உரிந்தால் விரல் உள்ளே மடங்குகிறது, அதாவது துளை தளர்வு அல்லது ஸ்பான் குறைவு. நுனிச் சதையில் காய்ப்பு என்றால் நுனியால் கவ்விப் பிடிக்கிறீர்கள், ரிவர்ஸ் அளவுக்கு மீறியிருக்கலாம். பக்கவாட்டில் ஒரே கோடாகத் தேய்ந்தால் லேட்டரல் பிட்ச் பொருந்தவில்லை, விரல் வெளியே வரும்போது ஒரு சுவரை உரசிக்கொண்டு வருகிறது.

விரல் நுனிகளில் லேசான சிவப்பு இயல்பு. நகத்தின் ஓரம் பிளந்தால் இன்சர்ட் இறுக்கம். மோதிரவிரலில் மட்டும் வலி என்றால் அந்த ஒரு ஸ்பானை மட்டும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பந்து போகும் விதமும் சாட்சி சொல்லும். பின்வீச்சிலேயே நழுவினால் தளர்வு. வீசும் எல்லைக்கோட்டைத் தாண்டித் தூக்கிப் போட்டு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனால் கட்டைவிரல் சிக்குகிறது.

இன்சர்ட், ஸ்லக், டேப்

ஃபிங்கர் இன்சர்ட் என்பது விரல் துளைக்குள் ஒட்டும் மென்மையான உறை. வைஸ், டர்போ போன்ற நிறுவனங்களின் வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஃபிங்கர்டிப் பிடிக்கு இது இல்லாமல் ஆடக்கூடாது, முதல் மூட்டுவரை மட்டுமே நுழைந்த விரல் நுனிக்குக் கடினமான விளிம்பு ஆகாது. துளையைப் பொதுவாக 31/32 அங்குலத்துக்குப் போட்டு, விரலுக்கேற்ற உள்ளளவுள்ள இன்சர்ட்டை ஒட்டுவார்கள். ஒட்டும்போது திரும்பி நின்றாலோ விளிம்பில் பசை துருத்தினாலோ அன்றே தெரிந்துவிடும். ரப்பர் கெட்டிப்பட்டோ கிழிந்தோ போனால் மாற்றுங்கள், சின்னச் செலவுதான்.

ஸ்லக் என்பது கட்டைவிரல் துளைக்குள் ஒட்டப்படும் யூரித்தேன் உருளை. அதற்குள்தான் உண்மையான துளை போடப்படும். பந்து எந்தப் பொருளால் ஆனாலும் கட்டைவிரலுக்கு ஒரே மாதிரி உணர்வு கிடைக்கும் என்பது இதன் பலன். ஒரே பந்து வைத்திருப்பவருக்கு அவசியம் என்று சொல்ல முடியாது, இரண்டுக்கு மேல் இருந்தால் கண்டிப்பாக வேண்டும். கழற்றி மாட்டும் தம்ப் இன்னும் ஒரு படி மேலே. ஒரே உள்துண்டை எல்லாப் பந்துக்கும் பயன்படுத்தலாம், விரல் வீங்கிய நாளுக்கு ஒரு அளவு பெரியதை மாட்டலாம். பூட்டில் தூசி சேர்ந்தால் ஆடத் தொடங்கும், அவ்வப்போது துடைக்க வேண்டும். ஸ்பானும் பிட்சும் பந்துக்குப் பந்து மாறியிருந்தால் இதை மாட்டியும் பயன் இல்லை, விற்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மலிவிலும் மலிவான டேப்புக்குத்தான் இவற்றுள் எங்கள் முதல் பரிந்துரை. கட்டைவிரல் ஒரே நாளில் வீங்கும், சுருங்கும். வெப்பம், ஈரம், ஆடிய கேம்களின் எண்ணிக்கை எல்லாம் அதைப் பாதிக்கும். எந்தத் துளையும் இத்தனைக்கும் ஈடுகொடுக்காது. அதனால் துளையை ஒரு துளி பெரிதாகவே போட்டு, டேப்பால் நிரப்பி, தேவைப்படும்போது ஒன்றை உரித்து எடுப்பதே நடைமுறை.

ஒட்டும் இடத்தைக் கவனியுங்கள். நகப்பக்கம் ஒட்டினால் துளை மட்டும் குறுகும். சதைப்பக்கம் ஒட்டினால் கட்டைவிரல் பின்தள்ளப்பட்டு ஸ்பானும் கொஞ்சம் நீளும். ஆகவே அளவைச் சரிசெய்ய வழவழப்பான டேப்பை நகப்பக்கம் ஒட்டுங்கள். பிடிமானம் வேண்டும் என்றால் மட்டும் சொரசொரப்பான ஒன்று சதைப்பக்கம். மழுக்கிய விளிம்பின்மேல் ஏறாமல் அதற்குச் சற்றுக் கீழே வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக நன்றாக அழுத்துங்கள். ஐந்தாறு டேப் ஒட்டியும் விரல் ஆடினால் ஸ்லக்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

விரலிலேயே சுற்றும் டேப், தோல்மேல் தடவும் திரவக் கவசம், கைப்பிடிமானத்துக்கான ரோசின் தூள் பை எல்லாம் ஒரு நாள் ஆட்டத்தைக் காப்பாற்றும். ஆனால் மாதக்கணக்கில் அதை நம்பியிருப்பவரின் துளையில் தப்பு அப்படியே இருக்கிறது.

யாருக்கு எது

முதல் பந்து வாங்குபவர் கன்வென்ஷனலா ஃபிங்கர்டிப்பா என்று தயங்கினால், தொடர்ந்து ஆடி வளைபந்து கற்க நினைப்பவருக்கு ஃபிங்கர்டிப். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் கைப்பலம் குறைந்தவர்களுக்கும் கன்வென்ஷனலில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே விரலை நிறுத்தும் செமி-ஃபிங்கர்டிப்பைத் தவிர்த்துவிடுங்கள், எடை மூட்டிலும் இல்லாமல் நுனியிலும் இல்லாமல் நடுச்சதையில் விழுந்து விரலை வீங்கவைக்கும்.

வளரும் பிள்ளைகளுக்கு ஸ்பான் சீக்கிரம் மாறும், அதனால் விலை குறைந்த பந்தே போதும். பழைய துளையை ரெசினால் அடைத்து, அது இறுகியபின் புதிதாகத் துளைக்கலாம். பெரியவர்களும் உடல் எடை கணிசமாக ஏறினால் இறங்கினால் மறுபடி அளவு பார்க்க வேண்டும், கட்டைவிரல் அளவு அதோடு மாறும்.

கட்டைவிரலைப் பயன்படுத்தாமல் இரண்டு கையால் வீசுபவர்கள் அந்தத் துளையே போடாமல் விடுவது நல்லது. அமெரிக்க பவுலிங் அமைப்பான யூஎஸ்பிசியின் விதிப்படி 2020 ஆகஸ்ட் 1 முதல் சமநிலைத் துளைக்கு (பிடிக்கப் பயன்படாமல், பந்தின் எடைச் சமநிலைக்காகப் போடும் கூடுதல் துளைக்கு) அனுமதி இல்லை. பந்தில் உள்ள ஒவ்வொரு துளையும் வீசும்போது பிடிக்கப் பயன்பட வேண்டும். அந்த விதியில் நடக்கும் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் துளையிடும் முன்பே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

புதுப் பந்தை வாங்கிய அன்றே முழு ஆட்டம் ஆடித் தீர்க்காமல், முதல் நாள் ஒன்றிரண்டு கேமோடு நிறுத்தி, சிவந்த இடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போங்கள். விளிம்பை மறுபடி மழுக்கவோ துளையை ஒரு சுற்று தேய்க்கவோ முகம் சுளிக்காமல் செய்து தரும் கடை என்றால் அடுத்த பந்தையும் அங்கேயே கொடுக்கலாம்.